சிறு எழுத்தில் ஓர் ஒப்புதல்

லண்டனில் ஒரு மூலைக்கடைக்குள் நுழைந்து, குளிர்பெட்டியிலிருந்து அரை லிட்டர் எனர்ஜி டிரிங்க் டின் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் சிறு எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். காஃபீன் அளவு அதிகம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உகந்ததல்ல என்று அது சொல்லும். நிறுவனத்தார் பெருந்தன்மையோடு அச்சிட்டதல்ல இது. லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் காஃபீன் இருந்தால் இப்படி எழுதியே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது; 2014 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் பிரிட்டன் அந்த விதியைக் கைவிடவில்லை. காபிக்கும் தேநீருக்கும் மட்டும் விலக்கு உண்டு.

ஆனால் அப்படி எழுதச் சொன்ன விதி, பன்னிரண்டு வயதுப் பையன் அதே டின்னைக் கல்லாவில் கொண்டுவந்து வைத்தால் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. காசை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். பையனுக்கு ஆகாது என்று டின்னே சொல்கிறது. ஆனாலும் பையனுக்கு விற்பதில் தவறில்லை. இந்த முரணோடு பல நாடுகள் பத்தாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருகின்றன. அந்தச் சிறு எழுத்துக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் எவ்வளவு உறுதியானது, அது சட்டமாகும் அளவுக்குப் போதுமா என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில் காஃபீன். 1819-இல் பிரீட்லீப் ரூங்கே என்ற இளம் ஜெர்மானிய வேதியியலர் கவிஞர் கதேவைச் சந்தித்து, பெல்லடோனா செடியின் சாறு பூனையின் கண்மணியை விரியவைப்பதைச் செய்து காட்டினார். மகிழ்ந்துபோன கதே, தமக்கு வந்திருந்த அரிய காபிக் கொட்டைகளை அவரிடம் கொடுத்து, இதையும் ஆராய்ந்து பார் என்றார். ரூங்கே பார்த்தார்; காஃபீனைப் பிரித்தெடுத்தார். மூளையில் அது என்ன செய்கிறது என்பது தெளிவாக இன்னும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. நரம்பணுக்களின் மேற்பரப்பில் அதற்கென்று ஏற்பிகள் உள்ளன. அவற்றில் அடினோசின் போய் அமர அமர, கண் சொருகுகிறது, உடல் ஓய்வு கேட்கிறது. காஃபீனின் மூலக்கூறு வடிவில் அடினோசினை ஒத்தது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறவரைப் போல அது முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடுகிறது. ஆனால் அமர்ந்த இடத்திலிருந்து எந்தச் சேதியும் அனுப்புவதில்லை. அடினோசின் எங்கும் போய்விடவில்லை, சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. காஃபீன் கழிந்ததும் அத்தனையும் ஒரேயடியாக இடம் பிடிக்கும். பானம் குடித்துச் சில மணி நேரத்தில் வரும் அசதிக்கு ஒரு பாதிக் காரணம் இது. ஆக, இந்தப் பானத்தில் உள்ள காஃபீன் ஆற்றல் எதையும் தருவதில்லை, களைப்பை மறைக்கிறது, அவ்வளவுதான். கலோரியாக ஆற்றல் என்று ஏதாவது இருந்தால் அது சர்க்கரையிலிருந்து வருவது. எனர்ஜி, அதாவது ஆற்றல், என்ற பெயரை அனுமதித்தவர்கள் இதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

உடலுக்குள் போன காஃபீனைக் கல்லீரல் சிதைக்கிறது. வளர்ந்தவர்களில் பாதி அளவு கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது ஒன்றரை மணியிலிருந்து ஒன்பது மணிக்கும் மேலாக மாறுபடும். புகைப்பவர்களுக்கு வேகமாகக் கழியும், கர்ப்பிணிகளுக்கு மிக மெதுவாக. சராசரியையே வைத்துக்கொள்வோம். பள்ளி விட்டு மாலை 4 மணிக்கு 160 மி.கி. காஃபீன் உள்ள ஒரு டின்னைக் குடித்தால், இரவு 9 மணிக்கு 80 மி.கி. உடலில் இருக்கும். நள்ளிரவு தாண்டி 2 மணிக்கும் 40 மி.கி. மிச்சம் இருக்கும். ஒரு கோலா டின்னில் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

எவ்வளவு குடித்தால் அதிகம்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் இதற்கு விடை சொன்னது. ஆரோக்கியமான பெரியவர்கள் ஒரே நேரத்தில் 200 மி.கி. வரையும், நாள் முழுவதற்கும் சேர்த்து 400 மி.கி. வரையும் எடுத்துக்கொண்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 120 மி.கி., முப்பது கிலோ பிள்ளைக்கு 90. அரை லிட்டர் டின்னில் இருக்கும் 160 மி.கி. இரண்டையும் தாண்டிவிடுகிறது. அதில் சர்க்கரை போட்ட வகைகள் சிலவற்றில் 100 மி.லி.க்கு 11 கிராம் வரை உண்டு. ஒரு டின்னுக்கு 55 கிராம். பதினொரு வயதைக் கடந்த ஒருவர் நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் இந்த வகைச் சர்க்கரையைத் தொடக்கூடாது என்கிறது பிரிட்டனின் பரிந்துரை.

கிலோவுக்கு 3 மி.கி. என்ற எண் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளைச் சோதித்துக் கண்ட எண் அல்ல அது. எழுபது கிலோ பெரியவருக்கு 200 மி.கி. என்பதைக் கிலோ கணக்கில் வகுத்து, குழந்தைகளின் உடல் காஃபீனைக் கழிக்கும் வேகம் பெரியவர்களுடையதற்குக் குறைந்ததல்ல என்ற அடிப்படையில், அதையே அவர்களுக்கும் பொருத்தினார்கள். பிள்ளைகள் மீது நடந்த ஆய்வுகள் தனி எண் ஒன்றைச் சொல்லப் போதவில்லை. வளரும் மூளை வளர்ந்த மூளையைப் போலவேதான் காஃபீனைத் தாங்கும் என்பது இதில் ஓர் அனுமானமாக உள்ளே வந்துவிடுகிறது.

காபியில் மட்டும் காஃபீன் இல்லையா என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். நியாயமான கேள்விதான். அதே ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கில் 200 மி.லி. வடிகட்டிய காபியில் 90 மி.கி., 250 மி.லி. எனர்ஜி டிரிங்கில் 80 மி.கி. (அவர்கள் சொல்லும் வடிகட்டிய காபி பெரிய கோப்பை நிறைய வரும் கறுப்புக் காபி, நம் டபராவில் பாலோடு வரும் டிகாக்‌ஷனை இதோடு ஒப்பிட வேண்டாம்.) காபி சூடாக இருப்பதால் மெல்ல உறிஞ்சிக் குடிக்கிறோம், இதுவோ குளிர்ந்திருப்பதால் மடமடவென்று இறங்கிவிடுகிறது, அதனால்தான் ஆபத்து என்று பலர் பதில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும் இந்தப் பதில் ஆய்வில் தேறவில்லை. 2016-இல் வெளியான ஒரு சோதனையில் 24 இளைஞர்களுக்கு 160 மி.கி. காஃபீனைச் சூடான காபியாகவும் குளிர்ந்த காபியாகவும் எனர்ஜி டிரிங்காகவும், இரண்டே நிமிடத்திலும் இருபது நிமிடத்திலும் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஏறிய அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. காபியின் கசப்பே பத்து வயதுப் பிள்ளைக்குத் தடை போட்டுவிடும். இந்தப் பானமோ அந்தக் கசப்பை இனிப்பாலும் பழ வாசனையாலும் மறைத்துவிடுகிறது. டின்னின் வண்ணமும், கார்ப் பந்தயமும், கணினி விளையாட்டும் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். விலையும் உண்டு: 2018-இல் பிரிட்டன் அரசு கொடுத்த கணக்குப்படி, அங்கே சில கடைகளில் 250 மி.லி. டின் நான்கு ஒரு பவுண்டுக்குக் கிடைத்தன. ஒற்றைக் கோலா டின் 65 பென்ஸ். பிள்ளையின் கைக்காசுக்குள் எது அடங்கும் என்று பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை.

டின்னில் காஃபீன் மட்டும் இருப்பதில்லை. டாரின், பி வகை வைட்டமின்கள், சிலவற்றில் ஜின்செங், குவாரனா. டாரினை 1827-இல் எருதின் பித்தநீரிலிருந்து டீடெமானும் ஜிமெலினும் பிரித்தார்கள். இன்று டின்னில் போவது தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரிப்பது. காளையின் விந்திலிருந்து எடுக்கிறார்கள் என்பது கட்டுக்கதை. டாரினைக் காரணம் காட்டி பிரான்ஸ் 2008 வரை இந்த வகைப் பானம் ஒன்றை உள்ளே விடாமல் வைத்திருந்தது. டாரின் தனியாகப் பெரிய தீங்கு செய்வதாக அதற்குப் பிறகும் நிறுவப்படவில்லை.

ஆனால் எல்லாம் சேர்ந்த கலவை? அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஒரு சிறு சோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆரோக்கியமான 18 பேருக்கு ஒரு நாள் ஒரு லிட்டருக்குச் சற்றே குறைவான எனர்ஜி டிரிங்கும், இன்னொரு நாள் அதே அளவு, அதே 320 மி.கி. காஃபீன் மட்டும் கலந்த வேறு பானமும் கொடுத்து, இதயத்தின் மின்வரைபடத்தை எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்சார அளவில் மீண்டும் தயாராக எடுக்கும் நேரத்தை மருத்துவர்கள் க்யூடி இடைவெளி என்று அளக்கிறார்கள். எனர்ஜி டிரிங்க் குடித்தவர்களுக்கு இரண்டு மணி நேரம் கழித்து அது 10 மில்லி விநாடி கூடுதலாக நீண்டிருந்தது. காஃபீன் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே நீட்டியது கலவையில் உள்ள மற்ற ஏதோ ஒன்று. 2019-இல் 34 பேரிடம் இரு வேறு பானங்களைக் கொண்டு நடத்திய சோதனையிலும், ஒன்றுமில்லாத போலிப் பானத்தோடு ஒப்பிட, நான்கு மணி நேரம் கழித்து 6 முதல் 8 மில்லி விநாடிக்குள் நீட்சி தெரிந்தது.

பத்து மில்லி விநாடி என்பது கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துளி. ஆனால் ஒரு புதிய மருந்து இந்த இடைவெளியைச் சராசரியாக 5 மில்லி விநாடி நீட்டினாலே மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் அதைக் கூர்ந்து பார்க்கத் தொடங்குவார்கள். பெரும்பாலான இதயங்கள் இதைக் கவனிக்காமலே கடந்துவிடும். பிறவியிலேயே க்யூடி இடைவெளி நீண்ட இதயத்தோடு பிறப்பவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒருவர். அவர்களில் பலருக்குத் தமக்கு அப்படியிருப்பது முதல் மயக்கம் வரும் வரை தெரியாது. ஒரு லிட்டரை ஒரு மணி நேரத்துக்குள் குடித்த பெரியவர்களின் சோதனை இது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு சின்ன டின்னுக்கு இதே முடிவை அப்படியே பொருத்த முடியாது. பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. எந்த அறநெறிக் குழு பதினான்கு வயதினரை உட்காரவைத்து ஒரு லிட்டர் குடிக்கச் சொல்ல அனுமதி கொடுக்கும்?

தூக்கத்தின் கதை இன்னும் நேரடியானது. பதின்பருவத்தில் உடலின் கடிகாரமே தாமதமாக ஓடத் தொடங்குகிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. இளைய தலைமுறை சோம்பேறி என்று வீடுகளில் கேட்கும் ஏச்சுக்கு இது ஓரளவு விடை. உடலுக்குத் தேவைப்படுவதோ எட்டு முதல் பத்து மணி நேரம், பள்ளிக்கூட மணி எழுப்புவதோ அதிகாலை. இந்தப் பற்றாக்குறைக்குள்தான் டின் நுழைகிறது. 2013-இல் பெரியவர்கள் 12 பேரிடம் நடந்த சோதனையில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மி.கி. காஃபீன்கூட அன்றிரவுத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்தது. தூங்காத பிள்ளை மறுநாள் வகுப்பில் விழிக்கக் குடிக்கிறது, குடித்ததால் அன்றிரவும் தூங்குவதில்லை.

ஆனால் தூங்காததால் குடிக்கிறதா, குடிப்பதால் தூங்கவில்லையா? இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். 2024-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் 57 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இருபத்தோரு நாடுகளுக்கு மேல், பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளும் இளைஞர்களும் அவற்றில் அடங்குவர். தூக்கக் குறைவு, மதிப்பெண் சரிவு, பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், புகை, மது என்று ஒரு நீண்ட வரிசை இந்தப் பானத்தோடு சேர்ந்து வந்தது. சேர்ந்து வந்தது என்பதுதான் சரியான சொல். வீட்டில் நிம்மதியில்லாத பிள்ளை டின்னையும் நாடலாம், மனமும் சோரலாம். ஒரே நேரத்தில் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்லும் ஆய்வால் எது முன் எது பின் என்று சொல்ல முடியாது.

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் அறிவியல், தொழில்நுட்பக் குழு 2018 டிசம்பரில் இதையேதான் சொன்னது. கையில் இருக்கும் புள்ளிவிவரச் சான்று மட்டும் சட்டப்படித் தடைக்குப் போதாது. ஆனால் சமூகத்தின் கவலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அரசு தடை கொண்டுவந்தால் அது முறையற்றதாகாது. குழு மழுப்புகிறது என்று தோன்றலாம். எனக்கு அதன் நேர்மை பிடித்திருக்கிறது. முடிவு அறிவியலிலிருந்து தானாக விழும் என்று அது பாசாங்கு செய்யவில்லை.

ஆனால் சான்று போதாது என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. தேடியும் கிடைக்கவில்லை என்பது ஒன்று. தேடும் வழியே அடைபட்டிருக்கிறது என்பது இன்னொன்று. இங்கே இரண்டாவது. பிள்ளைகளுக்கு ஊட்டிப் பார்க்கும் சோதனை நடக்கப் போவதில்லை. அப்படியென்றால் அந்தச் சோதனையின் முடிவுக்காகக் காத்திருப்பது என்பது என்றென்றும் காத்திருப்பது. இந்த நிலையில் நிரூபிக்க வேண்டிய சுமை யார் தோளில் என்பதுதான் கேள்வி. இந்தப் பானம் பால் அல்ல, சோறு அல்ல. குடிக்காவிட்டால் எந்தப் பிள்ளைக்கும் எந்தச் சத்தும் குறையாது. எனர்ஜி டிரிங்குகளுக்குக் குழந்தைகளின் உணவில் இடமே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-இலேயே சொல்லிவிட்டது. பிரிட்டனின் குளிர்பானத் தொழில் சங்கமும் 16 வயதுக்கு உட்பட்டோரிடம் விளம்பரம் செய்வதில்லை என்று 2010-இலேயே தனக்குத் தானே விதி எழுதிக்கொண்டது. விளம்பரத்தில் ஆகாது, லேபிளில் ஆகாது, கல்லாவில் மட்டும் ஆகும் என்பதற்கு ஒரு காரணமாவது தொழில்துறை சொல்ல வேண்டும். வேலை இழப்பையும் கடைக்காரரின் சிரமத்தையும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு நன்மை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

லித்துவேனியா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 2014 நவம்பர் 1 முதல் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதுவே முதல். 2016-இல் லாத்வியா. 2024 தொடக்கத்தில் போலந்து: டாரினோ, லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் காஃபீனோ சேர்த்த பானத்தைச் சிறார்களுக்கு விற்றால் 2,000 ஸ்லோட்டி வரை அபராதம். பள்ளிகளிலும் தானியங்கி விற்பனை எந்திரங்களிலும் விற்கவே கூடாது. காஃபீன் இயற்கையாகவே உள்ள பானங்களுக்கு இது பொருந்தாது என்று சட்டம் எழுதியதால் காபிக்கடைக்காரர்கள் தப்பினார்கள்.

பிரிட்டன் சுற்றிச் சுற்றி வந்தது. சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் பரப்புரை நடத்தினார். 2018 மார்ச்சில் வெயிட்ரோஸ் கடைத்தொடர் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதைத் தானாகவே நிறுத்தியது, மற்றப் பெரிய கடைத்தொடர்களும் அடுத்தடுத்து நிறுத்தின. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு கருத்துக் கேட்டது, 2019-இல் தடை வரும் என்றது, பிறகு கொரோனா வந்தது, அரசுகள் மாறின. கடைசியில் 2025 செப்டம்பரில் இங்கிலாந்துக்கான முன்மொழிவு வந்தது: லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் காஃபீன் உள்ள பானத்தை 16 வயதுக்கு உட்பட்டோருக்குக் கடையிலோ உணவகத்திலோ எந்திரத்திலோ இணையத்திலோ விற்கக் கூடாது. கோலா, தேநீர், காபி இதில் வராது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகள் அங்கே ஒரு டின்னாவது குடிக்கிறார்கள் என்று அரசே சொன்னது. பெரிய கடைகள் நிறுத்தி ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நிலை. பள்ளிக்குப் போகும் வழியில் இருப்பது மூலைக்கடை. அது யாருடைய தன்னார்வ ஒப்பந்தத்திலும் இல்லை. அதிகம் குடிப்பதும் ஏழ்மைப் பகுதிப் பிள்ளைகள்தான். தன்னார்வக் கட்டுப்பாடு வசதியான வீட்டுப் பிள்ளைகளை மட்டும் காப்பாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

பதினாறா பதினெட்டா என்று உயிரியலைக் கேட்டால் விடை வராது. எழுபது கிலோ எடையுள்ள பதினைந்து வயதினரும் உண்டு, நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள இருபது வயதினரும் உண்டு. கடைக்காரர் தராசு வைத்துக்கொண்டு விற்க முடியாது. அவரால் பார்க்க முடிந்தது வயதைத்தான். அண்ணன் வாங்கித் தம்பிக்குக் கொடுப்பான் என்ற ஆட்சேபம் சரிதான், சிகரெட்டுக்கும் அதே ஆட்சேபம் உண்டு. அதற்காக யாரும் சிகரெட்டுக்கான வயது வரம்பை எடுத்துவிடச் சொல்வதில்லை.

இந்தியாவில் இந்த டின் பெரும்பாலும் பிளாஸ்டிக் பாட்டிலாகிவிட்டது. பெட்டிக்கடையில் இருபது ரூபாய்க்கு 250 மி.லி. கிடைக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி காஃபீன் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை காஃபீன் இருக்கலாம். மேல் வரம்பில் ஒரு பாட்டிலுக்கு 75 மி.கி.; இரண்டு குடித்தால் 150. நாற்பது கிலோ பிள்ளைக்கு ஐரோப்பியர் வைத்த 120-ஐத் தாண்டியாயிற்று. ஆணையம் முழுக்கக் கண்மூடியிருக்கவும் இல்லை. காஃபீனையும் ஜின்செங்கையும் சேர்த்ததற்காக 2015-இல் சில பானங்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவைத்தது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உகந்ததல்ல, நாளொன்றுக்கு 500 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்று பாட்டிலில் அச்சிடவும் வைக்கிறது. 2025 ஏப்ரலில் பஞ்சாப் அரசு பள்ளிகளிலும் அவற்றின் சுற்றுப்புறத்திலும் விற்பனைக்குத் தடை போட்டது. நாடு முழுவதற்குமான விதியோ பாட்டிலில் என்ன இருக்கலாம், என்ன எழுத வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. வாங்குபவரின் வயதைப் பற்றி அது பேசவில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு விற்கக் கூடாது என்ற ஒற்றை வரியை ஆணையம் அதில் சேர்க்க வேண்டும். அதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை, உகந்ததல்ல என்று தானே எழுதவைத்ததை நம்பினால் போதும்.